பழுதும் பாடமும்

இல்லத்தில் நெடுங்காலம் இருந்துவிட்ட பொருள், நாளடைவில் குடும்பத்தாருள் ஒருவரைப் போலவே ஆகிவிடுகிறது. பாட்டியாரின் வெற்றிலை உரலும், தந்தையாரின் மிதிவண்டியும், தாயாரின் தையற்பொறியும் அவ்வாறு ஆனவையே. நம் இல்லத்தில் அப்பெருமையைப் பெற்றது ஒரு கணிப்பொறி. 2010ஆம் ஆண்டு, சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களாக வாங்கப்பெற்று, நம் ஊர்க் கடையொன்றில் ஒன்றுசேர்க்கப்பெற்றது அது. அன்று அது புதுமணப்பெண்ணைப் போல் வந்தது; மேலே ஒரு பூப்போட்ட துணியுறையும் தைத்துப் போட்டோம். பத்தாண்டுகள் கடந்தபின், அதே பொறி முதுமைக்குரிய இருமலும் மூச்சிரைப்பும் மறதியும் உடையதாயிற்று. அம்முதுமைக்கு மருத்துவம் பார்க்கப் புகுந்தபோது நாம் கற்ற பாடம், இலக்கண நூல்களில் கற்ற பாடங்களுக்குச் சற்றும் குறைந்ததன்று. அதனை இம்மலரின் வழியே மாணவச் செல்வங்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கருவூலம்

பழுதடைந்ததை விற்றுவிட்டுப் புதியதை வாங்கியிருக்கலாமே என்று வினவுவோர் உண்டு. விற்க இயலாமைக்குக் காரணம், அப்பொறியினுள் இருந்த சொற்கள்.

நம் தந்தையார் தானிய மண்டி ஒன்றில் கணக்கெழுதி வாழ்ந்தவர். பள்ளிக் கல்வியைத் தாண்டாதவர். எனினும் சொற்களின்பால் அவருக்கிருந்த காதல் பெரிது. நம் குடும்பங்களில் குழம்பை ஆணம் என்பதும், காலையுணவு கொள்வதைப் பசியாறுதல் என்பதும், பலர் கூடி உண்ணும் பெருந்தட்டைச் சகன் என்பதும் போன்ற வழக்குகளைப் பட்டியல் தாள்களின் பின்புறத்தில் எழுதிவந்தார். எந்த ஊரில் யார் வாய்க் கேட்டது, எந்தச் சூழலில் வழங்குவது என்ற குறிப்பும் உடனிருக்கும். 2011, 2012ஆம் ஆண்டுகளின் கோடை விடுமுறைகளில் அவர் படிக்க, நாம் தட்டச்சு செய்தோம். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு சொற்கள், பன்னிரண்டு கோப்புகள். 2013இல் அவர் மறைந்தார். அதன்பின் இரண்டு மழைக்காலங்கள் கழித்து, தாள்கள் இருந்த மரப்பெட்டியைத் திறந்தபோது கரையான் தன் பணியை முடித்திருந்தது. ஆகவே அச்சொற்கள் உலகில் எஞ்சியிருந்த ஒரே இடம் அந்தப் பொறியின் ஹார்டு டிஸ்க்தான்.

வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டால், நம்மிடம் விடையில்லை. வரும் விடுமுறையில் செய்வோம் என்று எட்டு ஆண்டுகளைக் கழித்தோம்.

பின்னோக்கி ஓடிய காலம்

2021ஆம் ஆண்டு சனவரியில் முதற்குறி தோன்றியது. ஒரு காலையில் இணையத்தில் எந்தத் தளமும் திறக்கவில்லை; பாதுகாப்பு இல்லை என்னும் எச்சரிக்கையே மீண்டும் மீண்டும் வந்தது. இணைய இணைப்புத் தருவோரைத் தொலைபேசியில் அழைத்துக் கடுமையாகவே பேசினோம். எதிர்முனையில் இருந்த இளைஞர் பொறுமையோடு, இணைப்பில் குறையில்லை என்றார். நாம் நம்பவில்லை.

பின்னர், கணிப்பொறி பழுதுபார்க்கும் கடை நடத்தும் நம் பழைய மாணவர் ஒருவரை அழைத்தோம்.

"சார், திரையின் கீழ்மூலையில் தேதி என்ன காட்டுகிறது?" என்றார் அவர்.

பார்த்தோம். 2010, சனவரி 1 என்றிருந்தது.

"அப்படியானால் செல் தீர்ந்துவிட்டது சார். தளங்கள் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் பொறி இன்னும் 2010இலேயே இருப்பதால், அவற்றை எல்லாம் செல்லாதவை என்று தள்ளிவிடுகிறது."

மதர்போர்டில் காசு வடிவில் பதிந்திருக்கும் சிறு மின்கலமே அவர் குறிப்பிட்ட செல். மின்சாரம் நிறுத்தப்பெற்ற வேளையிலும் நேரத்தையும் அடிப்படை அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்க அதுவே துணை. அதன் மேல் சி.ஆர். 2032 என்று பொறிக்கப்பெற்றிருக்கும். 20 என்பது 20 மில்லிமீட்டர் விட்டத்தையும், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனத்தையும் குறிப்பன. பெயரிலேயே அளவைச் சொல்லிவிடும் இந்தச் சிக்கனம் இலக்கண ஆசிரியராகிய நமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்று வோல்ட் தரவேண்டிய அது நலிந்துவிட்டிருந்தது. சில பத்து ரூபாய்களில் புதியதை வாங்கிப் பொருத்தித் தேதியைத் திருத்தியவுடன் எல்லாத் தளங்களும் திறந்தன. குறை தோன்றிய இடம் இணையம். குறை இருந்த இடம் ஒரு காசளவுச் செல். கடிந்து பேசப்பெற்ற இளைஞரை மீண்டும் அழைத்து வருத்தம் சொல்ல எண்ணினோம்; ஆனால் அவர் பெயரைக் கேட்டு வைத்திருக்கவில்லை.

ஒலியால் உணர்த்திய குறை

மார்ச்சுத் திங்களில் இரண்டாம் குறி. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும்; திரை இருண்டே இருக்கும்; உள்ளிருந்து நீண்ட சீழ்க்கையொலி விட்டுவிட்டு எழும். திரை கெட்டதென்று முடிவு செய்து, அடுத்த வீட்டுத் திரையைக் கொணர்ந்து மாட்டினோம். அதுவும் இருண்டது.

அவ்வொலி ஒரு மொழி என்று மாணவர் விளக்கினார். திரையில் எழுத்தைக் காட்ட இயலாத நிலையில், பொறி தன் குறையை ஒலியால் உணர்த்துகிறது. ஒலியின் நீளமும் எண்ணிக்கையும் மதர்போர்டுக்கு மதர்போர்டு வேறுபடும். நம் பொறியைப் பொறுத்தவரை, ராம் என்னும் நினைவகப் பட்டை சரியாகப் பொருந்தவில்லை என்பதே அதன் பொருள்.

அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நாம் செய்தோம். முதலில் மின்கம்பியை முற்றிலும் கழற்றினோம். பின் பொத்தானை ஒருமுறை அழுத்தி, உள்ளே தங்கிய மின்சாரத்தை வடியவிட்டோம். பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டு, நம் உடலில் தேங்கியிருக்கக்கூடிய நிலைமின்சாரத்தை நீக்கினோம். ராம் பட்டையை ஓரங்களில் மட்டும் பிடித்து எடுத்தோம். அதன் அடிவிளிம்பில் பொன்னிறத்தில் வரிசையாக இருக்கும் தொடுமுனைகள் மங்கியிருந்தன. மகனின் பென்சில் அழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, இருபுறப் பிடிகளும் சொடுக்கும்வரை அழுத்திப் பொருத்தினோம். திரை ஒளிர்ந்தது. வீட்டார் கைதட்டினர். அன்று நமக்குச் சிறிது செருக்கும் உண்டாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை.

குற்றவாளி யார்?

அச்செருக்கு மே மாதத்தில் அடங்கியது. 2021 மே 10ஆம் நாள் முதல் தமிழகத்தில் மீண்டும் முழு ஊரடங்கு. கடைகள் மூடப்பெற்றன. கல்லூரி வகுப்புகள் திரைவழி நடந்தன. அந்நாளில், பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பொறி பொட்டென்று அணையத் தொடங்கியது. மீண்டும் போட்டால் சில வேளை ஓடும். சில வேளை உடனே அணையும்.

ஒன்பதாம் வகுப்பில் பயின்ற நம் மகன் ஓய்வு வேளையில் அதில் விளையாடுவான். ஆராய்ச்சி ஏதுமின்றித் தீர்ப்பு வழங்கினோம்: விளையாட்டால்தான் பொறி சூடேறிக் கெட்டது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கேட்கவில்லை. பாட்டனாரின் சொற்கள் அழிந்தால் அதற்கு நீயே பொறுப்பு என்றும் சொன்னோம். பிள்ளையிடம் சொல்லத்தகாத சொல் அது. மௌஸைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

சூடு என்னும் முடிவு முற்றிலும் பொய்யன்று. பெட்டியைத் திறந்தபோது, செயலியின் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையே பத்தாண்டுப் புழுதி பஞ்சுமெத்தை போல் அடைந்திருந்தது. பொறியைத் தொடக்கி, அதன் அடிப்படை அமைப்புத் திரையில் பார்த்தபோது செயலியின் வெப்பம் 94 டிகிரி செல்சியசு. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொண்டு, தூரிகையால் புழுதியை நீக்கினோம். செயலிக்கும் தகட்டிற்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. மாணவர் தம் வீட்டில் வைத்திருந்த சிறு பசைக்குழலை, மருந்து வாங்கச் சென்றவரிடம் கொடுத்தனுப்பினார். பழையதைத் துடைத்துப் புதியதைப் பட்டாணியளவு இட்டோம். வெப்பம் 52 டிகிரிக்கு இறங்கியது. நோய் தீர்ந்ததென மகிழ்ந்தோம்.

மறுநாட் காலை, பொறி போட்ட இரண்டாம் நிமிடத்தில் அணைந்தது. அத்துடன் ஹார்டு டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்னும் ஓசையும் எழுந்தது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டின்மேல், தலைமயிரின் பருமனைவிட மிக மிகக் குறைந்த இடைவெளியில், தொடாமல் மிதந்தபடி படிக்கும் முனை தடுமாறும்போது எழும் ஓசை அது. பொறியை உடனே நிறுத்திவிட்டு நாற்காலியில் அமர்ந்துவிட்டோம்.

மாணவரை அழைத்தோம். அவர் மருந்து எதையும் சொல்லவில்லை. வினாவே தொடுத்தார்.

"எப்போதெல்லாம் அணைகிறது சார்? நேரம் குறித்தீர்களா?"

நாம் விழித்தோம். அருகில் நின்ற மகன் நாட்காட்டித் தாள் ஒன்றை நீட்டினான். அதன் பின்புறத்தில் பத்து நாட்களாகப் பொறி அணைந்த நேரங்களை வரிசையாக எழுதியிருந்தான். ஒவ்வொன்றின் அருகிலும் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்ற குறிப்பும் இருந்தது.

"அத்தா, சூட்டினால் அணைகிறது என்றால் நெடுநேரம் ஓடிய பிறகுதானே அணைய வேண்டும்? காலையில் குளிர்ந்திருக்கும்போதே அணைகிறதே. குறுந்தகட்டைச் சுழலவிட்டாலும், படம் ஓடினாலும் உடனே அணைகிறது. அதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன்."

தாளைப் படித்துக் காட்டியதும் மறுமுனையில் மாணவர் சொன்னார்: "தம்பி சரியாகப் பிடித்துவிட்டார் சார். வேலை கூடும்போதெல்லாம் அணைகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்கள்."

நலிந்தது எது?

கணிப்பொறியின் பின்புறத்தில் மின்கம்பி நுழையும் பெட்டியே எஸ்.எம்.பி.எஸ். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் மாறுமின்னோட்டம். அதனை 12, 5, 3.3 வோல்ட் என நேர்மின்னோட்டமாக்கி, ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய அளவில் படியளப்பது அதன் கடமை. மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு பொதுத்தரை. 12 வோல்ட் என்பதில் நூற்றுக்கு ஐந்து ஏறவோ இறங்கவோ இடமுண்டு. அதாவது 11.4 முதல் 12.6 வரை ஏற்கத்தக்கது.

இயற்பியல் துறை நண்பரிடம் மல்டிமீட்டர் இரவல் பெற்றோம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, பொறியை வேலை செய்யவிட்டு, மகன் டார்ச்சு பிடிக்க, உபரியாகத் தொங்கிய இணைப்பியில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அளந்தோம். தொடக்கத்தில் 11.6. குறுந்தகடு சுழலத் தொடங்கியதும் 11.1. அடுத்த கணம் பொறி அணைந்தது.

மகன் டார்ச்சொளியை எஸ்.எம்.பி.எஸ்.ஸின் காற்றுத் துளைகள் வழியே செலுத்தி, "அங்கே பாருங்கள் அத்தா" என்றான். உள்ளே உருளை வடிவில் நிற்கும் மின்தேக்கிகளுள் இரண்டின் மேல்மூடி உப்பிக் கசிந்திருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய மூடி உப்பினால் அம்மின்தேக்கியின் ஆயுள் முடிந்ததென்று பொருள். அது மின்னோட்டத்தைச் சீராக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. சுமை குறைந்த வேளையில் எப்படியோ ஈடுகொடுத்து, சுமை ஏறிய வேளையில் கைவிட்டது. ஹார்டு டிஸ்க் எழுப்பிய ஓசைக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார் மாணவர். போதிய மின்சாரம் கிட்டாத தட்டு, சுழலத் தொடங்கித் தடைபட்டு மீண்டும் தொடங்கும்போதும் அவ்வோசை எழுமாம்.

இங்கே மாணவர்கட்கு ஓர் எச்சரிக்கை. கணிப்பொறியின் வெளிப்பெட்டியைத் திறக்கலாம், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெட்டியைத் திறத்தலாகாது. அதனுள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் மின்தேக்கியில் தேங்கியிருக்கும். மின்கம்பியைக் கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் நீங்காது. உயிருக்கே ஊறு விளைக்கும். பழுதானால் முழுமையாக மாற்றுவதே முறை.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, நோயையும் நோயின் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயற்படல் வேண்டும் என்கிறது. நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியோடு, அருகிருந்து துணைபுரிவோனையும் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒன்றாக வைக்கிறது. இருபதாண்டுகளாக இதனை வகுப்பில் விளக்கிவருகின்றோம். ஆயினும் நம் வீட்டில் நோய் கண்டபோது காரணத்தை நாடாமல், துணைபுரிய நின்றவனையே நோய்க்குக் காரணமாக்கினோம்.

அன்றிரவு மகனிடம் வருத்தம் தெரிவித்தோம். பெரியவர்கள் பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவிக்கும் வழக்கம் நம் இல்லங்களில் அரிது. நமக்கும் சொற்கள் எளிதில் வரவில்லை. அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லை அத்தா. மௌஸைக் கொடுத்துவிடுங்கள்" என்றான்.

மீண்டவையும் மீளாதவையும்

புதிய எஸ்.எம்.பி.எஸ். கிட்டும்வரை ஹார்டு டிஸ்கை எதிலும் மாட்டவே வேண்டாம் என்பது மாணவரின் கண்டிப்பான கட்டளை. நலிந்த தட்டை மீண்டும் மீண்டும் சுழலவிட்டுப் பார்ப்போர் எஞ்சியதையும் இழப்பார்கள் என்றார். ஊரடங்கு தளரும்வரை காத்திருந்தோம். நாள்தோறும் அலமாரியைத் திறந்து, துணியில் பொதிந்த அத்தட்டைப் பார்த்து மூடுவது வழக்கமாயிற்று.

கடை திறந்த அன்றே புதிய எஸ்.எம்.பி.எஸ். வந்தது. 12 வோல்ட் கம்பியில் 12.1 காட்டியது. தட்டை இணைத்தோம், ஓசை இல்லை. ஆயினும் அது தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டை மென்பொருளால் படித்தபோது, படிக்கவியலாமல் ஒதுக்கப்பெற்ற பகுதிகள் சில இருந்தன. பழுதைச் சரிசெய்யும் முயற்சி எதற்கும் முன்னர், உள்ளிருப்பதைப் படியெடுத்துவிட வேண்டும் என்பதே இத்துறையின் தலையாய விதி. அவ்வாறே செய்தோம்.

பன்னிரண்டு கோப்புகளில் பதினொன்று முழுமையாகத் திறந்தன. மகர வரிசைக் கோப்பு மட்டும் திறக்கவில்லை. பொறி அணைந்த ஒரு நாளில் நாம் அதனைத் திறந்து வைத்திருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. மாணவர் இரண்டு நாள் முயன்று, இனி இயலாது என்றார்.

தாயாரிடம் சொன்னோம். எண்பதை நெருங்கும் அவர், மகர வரிசைச் சொற்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் கிடைத்தன. சொற்கள் மீண்டன, தந்தையார் அவற்றிற்கு எழுதியிருந்த குறிப்புகள் மீளவில்லை. எந்த ஊரில், யார் வாயில் அவர் அவற்றைக் கேட்டாரோ, அதனை இனி அறிவதற்கில்லை.

இன்று அக்கோப்புகளுக்கு மூன்று படிகள் உள்ளன: கணிப்பொறியில் ஒன்று, தனித்த ஹார்டு டிஸ்க் ஒன்றில் மற்றொன்று, வேற்றூரிலுள்ள தமக்கையார் இல்லத்தில் இன்னொன்று. மூன்று படிகள், இருவேறு கருவிகள், ஒன்றேனும் வேற்றிடத்தில் என்பது கணிப்பொறித் துறையினர் பலர் கைக்கொள்ளும் நெறி. பழைய பொறியில் இப்போது சுழலும் தட்டு இல்லை. அசையும் உறுப்பற்ற எஸ்.எஸ்.டி. பொருத்தியிருக்கின்றோம். அதன் விண்டோஸ் 7 மென்பொருளுக்கான ஆதரவு 2020 சனவரி 14ஆம் நாளே நின்றுவிட்டமையால் லினக்ஸுக்கு மாற்றினோம். இக்கட்டுரையும் அதிலேயே தட்டச்சாகிறது.

நிறைவாக

இதில் சொல்ல வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. நமக்குத் தொலைபேசியில் மருத்துவம் கற்பித்த அந்த மாணவர், இக்கல்லூரியில் பயின்ற காலத்தில் தமிழ்த்தாளை மூன்று முறை எழுதித் தேறியவர். கடைசி வரிசையில் அமர்ந்து உறங்குவார். ஊக்கமற்றவர் என்று அவரைப் பற்றி நாம் முடிவு செய்திருந்தோம். எல்லாம் முடிந்த பின் ஒருநாள், "தம்பி, படிக்கும் காலத்தில் ஏன் அப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டோம்.

"பகலில் வகுப்பு, மாலை முதல் இரவு பதினொரு மணி வரை கடையில் வேலை சார். வீட்டில் நான் ஒருவன்தானே சம்பாதித்தேன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அப்போது நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்றார்.

அணைந்துபோகும் பொறி தன் குறையை ஒலியாகவேனும் உணர்த்திவிடுகிறது. உறங்கிவிழும் மாணவர் அதையும் செய்வதில்லை. அவரிடம் நாமே சென்று கேட்க வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் வகுப்பில் ஒருவர் தொடர்ந்து பின்தங்கினால், மதிப்பெண் ஏட்டை மூடி வைத்துவிட்டு அவரைத் தனியே அழைக்கின்றோம். நம் முதல் வினா, அந்த மாணவர் நம்மிடம் கேட்ட அதே வினாதான்: "எப்போதிலிருந்து இப்படி, தம்பி?"